உள்ளது உள்ளபடியே!

கிரகப்பிரவேசத்துக்கு வருகிறவர்கள் அண்ணாந்து ஃபால்ஸ் சீலிங்கைப் பார்த்து 'ஆஹா' என்பார்கள். அவர்கள் நின்றுகொண்டிருப்பது நான் போட்ட டைல்ஸ் மேலே! குனிந்து தரையைப் பார்ப்பவர் ஒருத்தர்கூட இருக்கமாட்டார்... செருப்பைத் தொலைத்தவர் தவிர.

இருபது வருஷமாகத் தரை போடும் கான்ட்ராக்ட் எடுக்கிறேன். அதனால் இதெல்லாம் பழகிவிட்டது. இன்னும் பழகாதது ஒன்று உண்டு. பாங்க் ஏலத்தில் எடுத்த வீடு!

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். வீட்டுக் கடனுக்கு மூன்று மாசம் தவணை கட்டாவிட்டால் 'வாராக் கடன்' என்று பாங்க் முத்திரை குத்திவிடும். பிறகு 2002-ல் வந்த சர்ஃபாசி சட்டப்படி நோட்டீஸ். 60 நாள் கெடு. அதற்கும் அசையாவிட்டால் கதவில் சீல், இரண்டு பேப்பரில் விளம்பரம், ஏலம். அந்த விளம்பரத்தில் தவறாமல் ஒரு வரி இருக்கும். 'எங்கே எப்படி உள்ளதோ அங்கே அப்படியே, உள்ளது உள்ளபடியே.' அதாவது ஓட்டை இருந்தாலும் உன்னுடையது, ஓணான் இருந்தாலும் உன்னுடையது!

ஏலம் எடுத்தவர் கால் பங்குப் பணத்தை உடனே கட்டவேண்டும். விற்பனை உறுதியானதும் மீதியை 15 நாளில் புரட்டவேண்டும். மனைவியின் நகை, பி.எஃப்., மாமனார் எல்லாம் கரைந்த பிறகு, "தரையை மட்டும் கொஞ்சம் பாருப்பா" என்று என்னைக் கூப்பிடுவார். அப்போது அவர் சட்டைப்பையில் பஸ் டிக்கெட்தான் இருக்கும்.

2024 மே மாசம் இப்படித்தான் ஒரு ரிட்டயர்டு ஆபீசர் கூப்பிட்டார். மாடம்பாக்கத்தில் தனி வீடு.

"எஸ்டிமேட் குடுப்பா."

"உள்ளே பார்க்காம எப்படி சார்?"

"சாவி இன்னும் பாங்க்லதான் இருக்கு. ஜன்னல் வழியா பாரேன்."

பார்த்தேன். பழைய திரைச்சீலை ஒன்று தெரிந்தது. திரைச்சீலைக்கு என்ன எஸ்டிமேட் கொடுக்க? குத்துமதிப்பாக ஒரு தொகை சொன்னேன். அதைக் கல்லில் வெட்டாத குறையாக டைரியில் குறித்துக்கொண்டார்.

சாவி வந்த அன்று கதவைத் திறந்தோம். கொத்தனார் நாலடி பின்னால் போனார். நாற்றம்! பூட்டிக் கிடக்கிற வீட்டில் முதலில் காய்வது பாத்ரூம் நஹானி ட்ராப்பில் நிற்கும் தண்ணீர். சாக்கடை நாற்றத்தையும் கரப்பான்பூச்சியையும் வெளியே நிறுத்துகிற வாட்ச்மேன் அந்தக் கையளவு தண்ணீர்தான். ஒரு வருஷத்துக்கும் மேலாக வாட்ச்மேன் லீவு. உள்ளே கரப்பான்களின் ராஜ்ஜியம்.

கரண்ட் கிடையாது. பழைய பாக்கிக்காகப் பிடுங்கிவிட்டார்கள். டைல்ஸ் கட்டிங் மெஷினுக்கு ஜெனரேட்டர் வாடகைக்கு எடுத்தேன். மோட்டார் ஓடாததால் தண்ணீர் லாரியில் வந்தது.

"இதெல்லாம் எஸ்டிமேட்ல இல்லையேப்பா?" என்றார் ஆபீசர்.

"ஜன்னல் வழியா மீட்டர் தெரியலை சார்."

அவர் சிரிக்கவில்லை.

ஹாலுக்குள் போனால், நடுவில் ஒரு வரிசை டைல்ஸ் கூடாரம் அடித்த மாதிரி எழும்பி நிற்கிறது! எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"எந்த மடையன் சார் இதைப் போட்டது? வெயில்ல டைல்ஸ் விரியும். ஒண்ணுக்கொண்ணு ரெண்டு மில்லியாவது கேப் விடணும். சுவர் ஓரத்துல விடணும். இவன் கன்னத்தோடு கன்னம் ஒட்டற மாதிரி போட்டிருக்கான். அடியில கலவையும் முழுசா இல்லை, அங்கங்கே உருண்டை வெச்சிருக்கான். பூட்டின வீட்டுச் சூட்டுல இது எழும்பாம என்ன பண்ணும்?"

ஆபீசர் முகத்தில் முதல்முறையாக என்மேல் ஒரு மரியாதை தெரிந்தது. அது சரியாக அரைமணி நேரம் நீடித்தது. அவருக்கல்ல, எனக்கு!

பரணைச் சுத்தம் செய்த சித்தாள் அக்கா, "அண்ணே, இங்க ஒரு பொட்டி இருக்கு" என்று இறக்கினார். பேப்பர் சுற்றி, சணல் கயிறு போட்டுக் கட்டிய அட்டைப் பெட்டி. உள்ளே நாலு டைல்ஸ், ஒரு கீறல் இல்லாமல். மூடியில் மார்க்கர் பேனாவில், 'ரிப்பேருக்கு - 4. தூக்கிப் போடவேண்டாம்.' கீழே ஒரு போன் நம்பர்.

நம்பர் என்னுடையது. கையெழுத்தும் என்னுடையது.

சட்டென்று மூடியைக் கவிழ்த்து வைத்தேன். ஆபீசர் அப்போது ஓணானைத் துரத்திக்கொண்டிருந்தார்.

2015-ல் போட்ட தரை. அப்போது அந்தத் தெருவில் இந்த வீடும் ஒரு தென்னந்தோப்பும்தான். இப்போது இரண்டு பக்கமும் மூன்று மாடி. அடையாளம் தெரியவில்லை. வீட்டுக்காரர் இரண்டு வேன் வைத்து வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தார். முகூர்த்தம் குறித்தாகிவிட்டது என்று அவசரப்படுத்த, ஹாலை இரண்டே நாளில் முடித்தோம். அவர் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துக்கொண்டு டைல்ஸ் டைல்ஸாகத் தட்டினார்.

"தம்பி, நடுவுல டொப்புனு கேக்குதே?"

"செட் ஆயிடும் சார்."

"அப்ப 11,500 எங்கிட்ட இருக்கட்டும். சரி பண்ணிட்டு வாங்கிக்குங்க."

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. போகவேயில்லை. ஆனால் அந்தக் கதையை மட்டும் எத்தனை டீக்கடையில் சொல்லியிருப்பேன்! 'பணத்தை ஏமாத்தறதுக்குன்னே நாணயத்தால தட்டுவானுங்க!' புதுசாகத் தொழிலுக்கு வருகிற பையன்களுக்கெல்லாம் இது என்னுடைய முதல் பாடம்.

மத்தியானம் பக்கத்து வீட்டு அம்மாள் தண்ணீர் கொடுத்தார். நான் கேட்காமலே சொன்னார்.

"2020-ல வண்டி ரெண்டும் நின்னுச்சுப்பா. தவணைக்கு ஆறு மாசம் டைம் குடுத்தாங்க. ஆனா வட்டி நிக்கலையே. அப்புறம் ஒரு வண்டி போச்சு, இன்னொண்ணும் போச்சு, கடைசியில வீடு. நல்ல மனுஷன். ஹால்ல மட்டும் பீரோ, சோபா எதையும் வெக்கவிட மாட்டார். 'அடியில வெத்தா இருக்கு, உடைஞ்சிடும்'பார். எல்லாரும் பாய் விரிச்சுதான் உட்காருவாங்க."

தண்ணீர் தொண்டையில் நின்றது.

ராத்திரி பழைய நோட்டுப் புத்தகத்தில் அவர் நம்பரைத் தேடி எடுத்துப் போட்டுப் பார்த்தேன். உபயோகத்தில் இல்லையாம். கிடைத்திருந்தாலும் என்ன சொல்லியிருப்பேன் என்று தெரியவில்லை.

ஹாலைப் பெயர்த்தோம். வீட்டில் இருந்த பழைய தூசு முழுக்க என் மூக்கில். கலவையை முழுசாகப் பரப்பி, ஸ்பேசர் வைத்து, சுவரோரம் கேப் விட்டு ஸ்கர்ட்டிங்கால் மறைத்து, புது டைல்ஸ் போட்டோம். நாலு நாள் பேசின வேலைக்கு ஏழு நாள் ஆனது. கொத்தனார் என்னை ஒரு மாதிரிதான் பார்த்தார். கூடுதல் மூன்று நாள் கூலி என் கையிலிருந்து!

பெட்ரூமில் பீரோவை இழுத்ததில் மூன்று டைல்ஸ் விரிசல். அந்த டிசைன் இப்போது வருவதில்லை. சென்னை முழுக்கத் தேடினாலும் அதே கலர், அதே பேட்ச் கிடைக்காது. பரண் பெட்டிதான் காப்பாற்றியது. ஒன்பது வருஷமாக என் பேச்சை நம்பி ஒரு மனிதர் பத்திரப்படுத்திய பெட்டி!

கணக்கு முடிக்கிற நாள். ஆபீசர் சட்டைப்பையிலிருந்து எதையோ எடுத்தார். நாணயம்!

ஹால் முழுக்கத் தட்டினார். நானும் கூடவே குனிந்துகொண்டு போனேன். பரீட்சை ரிசல்ட் பார்க்கிற பையன் மாதிரி நெஞ்சு அடித்துக்கொண்டது. ஒரு இடத்தில்கூட டொப் இல்லை.

"பரவாயில்லையே" என்றவர், ஜெனரேட்டர் வாடகையை அடித்துவிட்டு மீதியைக் கொடுத்தார். நான் சண்டை போடவில்லை. அதில் அவருக்கே கொஞ்சம் ஏமாற்றம்.

பெட்டியில் ஒரே ஒரு டைல் மிச்சம்.

"அந்த ஒண்ணை நான் எடுத்துக்கட்டுமா சார்?"

கண்ணாடியை இறக்கிக்கொண்டு பார்த்தார். "எதுக்கு?"

"சும்மா... சாம்பிளுக்கு."

"வேணாம்ப்பா. பரண்லயே இருக்கட்டும். உள்ளது உள்ளபடியேன்னுதானே வாங்கியிருக்கேன்!"

மூடியை நிமிர்த்தி, மார்க்கரால் 4-ஐ அடித்து 1 என்று எழுதினேன். போன் நம்பரை அடிக்கவில்லை. கயிற்றைக் கட்டி, பரணில் ஏற்றிவிட்டு வந்தேன்.