ஷூ வாங்கினீங்க, சரி... நீச்சல்?

சனிக்கிழமை விடியற்காலை நாலரை மணிக்கு எங்கள் திருமழிசை பக்கம் வந்து பாருங்கள். பெங்களூர் ஹைவே ஓரத்து டீக்கடையில் முதுகுப்பையும் புது ஷூவுமாக ஒரு கும்பல் நிற்கும். ‘எங்கேப்பா?’ என்றால், ‘ட்ரெக்கிங் அங்கிள்!’ திருவள்ளூர், ஊத்துக்கோட்டை தாண்டினால் ஆந்திரா. அப்புறம் நாகலாபுரம் மலை. அருவியின் உச்சியில் நின்று செல்ஃபி எடுத்தால்தான் பிள்ளைகளுக்கு அந்த வாரம் முடியும்.

கிண்டல் இல்லை சார். தொப்பையைத் தூக்கிக்கொண்டு நானும் ஒருமுறை போனவன்தான். ஓடையை ஒட்டியே பாதை. பாதை என்பது ஒரு மரியாதைக்கு. பாறைக்குப் பாறை தாவ வேண்டும், சில இடங்களில் தவழ வேண்டும். மூணு மணி நேரத்தில் முழங்கால் கெஞ்ச ஆரம்பித்துவிட்டது. வழியெல்லாம் பச்சைப் பசேலென்று மடுக்கள். ஆழம் எவ்வளவு என்று பார்த்துச் சொல்ல முடியாது.

உச்சிக்குப் போனதும் பக்கத்துத் தெருப் பையன் சட்டையைக் கழற்றினான். ‘நீச்சல் தெரியுமாடா?’ என்றேன். ‘இடுப்பளவுதான் இருக்கும் அங்கிள்!’ சட்டென்று அவன் கையைப் பிடித்து இழுத்துவிட்டேன். அவன் உள்ளே போனால் குதித்துத் தூக்க எனக்கும் தெரியாதே! போன 14 பேரில் நீச்சல் தெரிந்தவர்கள் 2 பேர். எங்களை அழைத்துப் போனவர் பணம் வாங்கும்போது ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: ‘வெஜ்ஜா, நான்-வெஜ்ஜா?’

உடனே ஒரு கோஷ்டி கிளம்பும், ‘மலையேறுவதையே தடை பண்ணு!’ என்று. எனக்கு அதில் உடன்பாடில்லை. 2018 மார்ச் 11-ம் தேதி குரங்கணியில் காட்டுத் தீயில் சிக்கி 20-க்கும் மேற்பட்டவர்களைப் பறிகொடுத்தோம். அந்த வருடமே மலையேற்றத்துக்கு அரசு விதிமுறை கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் 40 பாதைகளோடு ‘ட்ரெக் தமிழ்நாடு’ தொடங்கியது. அனுமதி, வழிகாட்டி எல்லாம் உண்டு. தீயிடம் பாடம் படித்துவிட்டோம். தண்ணீரிடம்?

அருவி விழும் இடத்தில் நுரை பொங்குகிறதே, அதில் காற்று கலந்திருக்கிறது. அந்தத் தண்ணீர் ஆளை லேசில் மிதக்க விடாது. நீச்சல் தெரிந்தவனே திணறுவான். உச்சியிலோ பாசி படிந்த ஈரப் பாறை. அந்த விளிம்பில் மூவாயிரம் ரூபாய் ஷூவும் வழுக்கும். மேலே மழை பெய்தால் கீழே வெயில் அடிக்கும்போதே வெள்ளம் வரும். 2024 மே 17-ல் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் ஒரு 17 வயதுப் பையனைக் கொண்டுபோனது. அங்கே நீச்சல்கூட உதவாது என்பது வாஸ்தவம். தண்ணீர் கலங்கி, இலைதழை வந்தால் ஓடு என்று யாராவது சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். நம்மில் எத்தனை பேருக்கு அது தெரியும்?

எங்களுக்கு இரண்டு எட்டில் செம்பரம்பாக்கம் ஏரி. முழு ஆழம் 24 அடி. எங்கள் அப்பாக்கள் காய்ந்த சுரைக்குடுக்கையை முதுகில் கட்டிக் கிணற்றில் தள்ளிவிடப்பட்டு நீச்சல் படித்தவர்கள். நாங்கள் கிணற்றைத் தூர்த்து பிளாட் போட்டோம். பிள்ளைக்கு அபாகஸ், ஹிந்தி, கீபோர்டு எல்லாவற்றுக்கும் ஃபீஸ் கட்டுகிறோம். நான் பி.காம். கணக்குப் போட்டுப் பார்த்தேன்: ட்ரெக்கிங்குக்கு ஷூ, பை, கேமரா, வேன் வாடகை, நீச்சலுக்குப் பூஜ்யம். பள்ளிக்கூடம் கட்ட அனுமதி கேட்கிறவர்களிடம் பஸ் நிறுத்த இடம் இருக்கிறதா என்று பார்க்கிறோமே, குளம் இருக்கிறதா என்று கேட்கக்கூடாதா? பணம் வாங்கி அழைத்துப் போகிறவர், ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட்டையும் நாலு முழக் கயிற்றையும் வேனில் ஏற்றினால் குறைந்தா போய்விடுவார்?

ஊருக்கு உபதேசம் போதும் என்று போன மாதம் நானே ஒரு நீச்சல் குளத்தில் சேர்ந்தேன். கூடப் படிப்பது எல்லாம் இரண்டாம் கிளாஸ் வாண்டுகள். ‘காலை நல்லா நீட்டுங்க தாத்தா!’ என்கிறது ஒன்று. அங்கிள்கூட இல்லை, தாத்தா!

அந்தப் பையனையும் கூப்பிட்டேன். ‘டைம் இல்ல அங்கிள்’ என்றான். இந்தச் சனிக்கிழமை தடா அருவிக்குப் போகிறானாம்.