கடைக்காலில் கிடைத்தது எங்கே போகிறது?

தர்மபுரி ஜில்லாவில் ஒருவர் வீடு கட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கடைக்கால் தோண்டும்போது மூன்றடி ஆழத்தில் பலகைக் கல் ஒன்று தட்டுப்படுகிறது. பெயர்த்துப் பார்த்தால் கீழே குழி. உள்ளே கருப்பும் சிவப்புமாய்ச் சில பானைகள், துருவேறிய இரும்புத் துண்டு ஒன்று, கொஞ்சம் எலும்பு, கரி. "பாண்டவர் குழி சாமி!" என்கிறார்கள் வேலையாட்கள். வீட்டுக்காரருக்கு வயிற்றைக் கலக்குகிறது. வேலை நின்றுவிடுமோ? நிலத்தைச் சர்க்கார் எடுத்துக்கொள்ளுமோ? ஏதாவது தோஷமோ? மாலைக்குள் ஜல்லியைக் கொட்டிக் குழியை மூடிவிடுகிறார். பலகைக் கல் மட்டும் வாசற்படிக்கு ஆகிறது.

இந்த வீட்டுக்காரர் கற்பனைதான். ஆனால் அவர் பயம் கற்பனை அல்ல. அவரைக் குறை சொல்வதற்கு முன், அவர் உண்மையிலேயே தகவல் கொடுத்திருந்தால் அந்தப் பானைக்கும் இரும்புக்கும் என்ன கதி ஆகியிருக்கும் என்று நாம் யோசித்துப் பார்க்க வேண்டும்.

தர்மபுரி, பழைய தகடூர். அதியமான் ஆண்ட மண். 1965-ல் சேலத்திலிருந்து பிரிந்து தனி ஜில்லாவாயிற்று. 2004-ல் அதிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது. கோடு எங்கே போட்டாலும் மண் ஒன்றுதான். தர்மபுரிப் பக்கம் மோதூரில் 2004-05-ல் மாநிலத் தொல்லியல் இலாகா தோண்டியபோது புதிய கற்கால மனிதர்களின் தடயங்கள் கிடைத்தன. கிருஷ்ணகிரிப் பக்கம் மயிலாடும்பாறையில் 2021-ல் தோண்டினார்கள். அங்கே இரும்பு புழங்கிய காலம் கி.மு. 2172 வரை போகிறது என்று 2022 மே மாதம் சட்டசபையில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அறிவித்தார். நாடே திரும்பிப் பார்த்தது.

அந்தத் தேதி எப்படிக் கிடைத்தது? இந்த விஷயத்தின் உயிர்நாடி இதில்தான் இருக்கிறது. இரும்பைக் கையில் வைத்துக்கொண்டு அதன் வயதை யாரும் சொல்லிவிடவில்லை. அதே மண்ணடுக்கில் கிடந்த கரித் துண்டைச் சோதனைச் சாலைக்கு அனுப்பி, கரியின் வயதைக் கண்டார்கள். கரியும் இரும்பும் ஒரே அடுக்கில் கிடந்தன என்பதற்குக் குறிப்பு இருந்தது, அளவு இருந்தது, படம் இருந்தது. அதே இரும்பைப் பொக்லைன் வாரி மண் குவியலில் எறிந்திருந்தால், அது பழைய இரும்புக் கடைக்குக்கூடப் பிரயோஜனப்படாது.

ஆகவே, "பொருளைப் பத்திரமாக எடுத்து வைத்துவிட்டோம்" என்று சொன்னால் போதாது. எந்த இடம், எந்த ஆழம், பக்கத்தில் என்ன இருந்தது என்ற சீட்டு அதனுடன் வர வேண்டும். சீட்டு தொலைந்தால் பானை வெறும் பானைதான்.

சட்டம் என்ன சொல்கிறது? நிலத்தடியில் எதிர்பாராமல் கிடைக்கும் பொருளைப் பற்றி நம்மிடம் உள்ள பழைய சட்டம், 1878-ம் வருஷத்துப் புதையல் சட்டம். வெள்ளைக்காரன் போட்டது. பத்து ரூபாய் மதிப்புக்கு மேற்பட்ட புதையல் கிடைத்தால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும்; மறைத்தால் ஒரு வருஷம் வரை சிறை. உரிமை கோரி யாரும் வராவிட்டால் கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கு, நிலச் சொந்தக்காரருக்குக் கால் பங்கு. சர்க்காரே வைத்துக்கொள்ள விரும்பினால், அந்த உலோகமோ கல்லோ என்ன விலை பெறுமோ அதையும், அதற்கு மேல் ஐந்தில் ஒரு பங்கும் கொடுக்க வேண்டும்.

தங்கக் காசு கிடைத்தால் கணக்குச் சரியாக வரும். பானை ஓடு கிடைத்தால்? அதன் விலை சூனியம். சூனியத்தில் ஐந்தில் ஒரு பங்கு எவ்வளவு என்று பள்ளிக்கூடப் பையன் சொல்வான். பின்னால் 1958-ல் மத்திய சட்டமும், 1966-ல் தமிழ்நாட்டுச் சட்டமும், 1972-ல் தொல்பொருள் சட்டமும் வந்தன. முதல் இரண்டும் பாதுகாக்கப்பட்டதாக அறிவித்த இடங்களுக்கு நல்ல அரண். ஆனால் அறிவிக்கப்படாத ஒரு புஞ்சை நிலத்தில், ஒரு தனி மனிதர் வீட்டுக் கடைக்காலில் அகப்பட்ட கரித் துண்டை நாளைக் காலைக்குள் யார் வந்து எடுப்பது? அதற்குச் சட்டப் புத்தகத்தைப் புரட்டிப் பயன் இல்லை. ஆள் வேண்டும், வண்டி வேண்டும், வைக்க ஓர் அறை வேண்டும்.

அறை என்றால் தாலுகா ஆபீஸில் பழைய கோப்புகளுக்குப் பக்கத்தில் ஒரு மூலை என்று நினைத்துவிடக் கூடாது. இரும்பை எடுத்துக்கொள்ளுங்கள். மண்ணுக்குள் ஆயிரக்கணக்கான வருஷம் கிடந்து, அது ஒருவாறு மண்ணோடு சமாதானமாகிவிட்டது. வெளியே எடுத்ததும் காற்றும் ஈரமும் அதன் உள்ளே ஊறிப்போன உப்பைக் கிளப்பி விடுகின்றன. மேல்தோல் செதில் செதிலாக உதிரும். சில துண்டுகளின் மீது காவி நிறத்தில் துளித்துளியாக நீர் கசியும். இரும்பு அழுகிறது என்றே அந்தத் துறைக்காரர்கள் சொல்வார்கள். இந்த இரும்பைக் காற்றுப் புகாத டப்பாவில், ஈரத்தை உறிஞ்சும் சிலிகா ஜெல்லுடன் வைக்க வேண்டும். புதுச் செருப்புப் பெட்டிக்குள் சின்னப் பொட்டலமாக வருமே, அதேதான். பிறகு ரசாயன நீரில் வாரக்கணக்கில் ஊறவைத்து உப்பை வெளியேற்ற வேண்டும்.

எலும்பின் சுபாவம் வேறு. வெயிலில் காய வைத்தால் வெடித்துவிடும்; நிழலில் மெதுவாக உலர வேண்டும். கரியை வெறுங்கையால் தொடக் கூடாது. அலுமினியத் தாளில் சுற்ற வேண்டும். பானையை உடனே குழாயடியில் தேய்த்துக் கழுவினால், அதில் என்ன சமைத்தார்கள், என்ன ஊற்றி வைத்தார்கள் என்று சொல்லக்கூடிய கசடும் சாக்கடையில் போய்விடும். இதில் எதுவும் பெரிய வித்தை இல்லை. சொல்லிக் கொடுத்தால் பத்தாவது படித்தவர் செய்துவிடுவார். சொல்லிக் கொடுக்க ஏற்பாடு வேண்டும், அவ்வளவுதான்.

நடுகல் விஷயத்தில் தர்மபுரிக்கு ஒரு தனிப் பெருமை உண்டு. இரா. நாகசாமி இயக்குநராக இருந்த 1970-களில் மாநிலத் தொல்லியல் இலாகா தர்மபுரி, செங்கம் பகுதிகளில் நடுகற்களைத் தேடித் தேடிப் படியெடுத்தது. செங்கம் வட்டாரத்து எடுத்தனூர்க் கல்லில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்து வீரன் ஒருவனோடு அவனுடைய நாயும் நிற்கிறது. நாயின் பெயர் கோவிவன் என்று வட்டெழுத்தில் வெட்டி வைத்திருக்கிறார்கள். தர்மபுரி நகரில் உள்ள அகழ்வைப்பகத்துக்குப் பல நடுகற்கள் வந்து சேர்ந்தன. ஊரில் மிஞ்சிய கற்களில் பலவற்றை மக்கள் வேடியப்பன் என்று கும்பிடுகிறார்கள். எனக்குத் தோன்றுவது, கும்பிடும் கல்லை அங்கேயே விட்டுவிடுவதுதான் நல்லது. கும்பிடாத கல்தான் துணி துவைக்கவும் மதகுக்குப் பாலம் போடவும் போகிறது. ஆனால் பக்தி மிகுதியால் சிமெண்டுப் பூசி, எனாமல் பெயிண்டு அடித்தால் எழுத்து அதற்குள் மறைந்துபோகிறது. பூசாரியிடம் ஒரு வார்த்தை பக்குவமாகச் சொல்லி வைத்தால் போதும்.

வெளியூரில் என்ன நடந்தது என்று பார்ப்போம். நாகார்ஜுனசாகர் அணைக்காக ஒரு பள்ளத்தாக்கே மூழ்கப் போகிறது என்றதும், 1954 முதல் ஆறு வருஷம் அங்கே தோண்டினார்கள். எடுத்த பொருளுக்கு மலையுச்சியில் மியூசியம் எழுந்தது. சில கட்டடங்களைக் கல் கல்லாகப் பெயர்த்து மேட்டில் நட்டார்கள். அணைக்குப் போட்ட திட்டத்தோடு இதற்கும் திட்டம் இருந்தது. ஆதிச்சநல்லூருக்கு அந்தப் பாக்கியம் இல்லை. 1876-ல் ஜாகோர் என்ற ஜெர்மானியர் எடுத்தவை பெர்லினுக்குப் போயின. 2004, 2005-ல் மத்திய இலாகா தோண்டியதன் முழு அறிக்கை பதினைந்து வருஷம் தாமதமாகி, கோர்ட்டு வரை போயிற்று. கீழடியிலும் 2016-ல் முதல் தகராறே பொருளை மைசூருக்குக் கொண்டு போகலாமா என்பதுதான். அங்கேயே மியூசியம் திறந்தது 2023-ல்.

இங்கிலாந்தில் 1990 முதல், கட்டட அனுமதி கேட்பவரே தொல்பொருள் வேலைக்கும் செலவு செய்ய வேண்டும் என்பது நடைமுறை. அங்கேயும் தோண்டத் தோண்டப் பெட்டிகள் குவிந்து, பல மியூசியங்களில் இடமில்லை என்று கை விரிக்கிறார்கள். ஆகவே தோண்டும் செலவை மட்டும் காண்ட்ராக்டர் தலையில் வைத்தால் பாதிக் கிணறுதான் தாண்டினதாகும். வைத்துக் காப்பாற்றும் செலவும் அதில் சேர வேண்டும்.

தர்மபுரியில் ரோடு போடும்போதும், குடிதண்ணீர்க் குழாய் பதிக்கும்போதும், தொழிற்பேட்டைக்கு நிலத்தைச் சமன் செய்யும்போதும் எஸ்டிமேட்டில் எத்தனையோ தலைப்புகள் வருகின்றன. மரம் வெட்ட ஒரு தலைப்பு, மின்கம்பம் மாற்ற ஒரு தலைப்பு. தொல்பொருளுக்கும் ஒரு தலைப்பு சேர்த்தால் அந்தப் பணத்தில் ஜில்லாத் தலைநகரில் உலர்ந்த அறை ஒன்று, இரும்பு அலமாரி, பதிவேடு, பயிற்சி பெற்ற இரண்டு பேர், ஒரு ஜீப் ஆகியவற்றை நடத்தலாம். தனி மனிதர் வீட்டுக்கு இந்தச் செலவை வைக்கக் கூடாது. வைத்தால் ஜல்லி இன்னும் வேகமாக விழும். அவருக்கு வேண்டியது வேறு: கூப்பிட ஒரு போன் நம்பர், "நாலு நாளில் முடித்துக் கொடுத்துவிடுவோம், நிலம் உங்களுடையதுதான்" என்று கலெக்டர் கையெழுத்தோடு ஒரு காகிதம், நாலு நாள் கொத்தனார் கூலிக்கு ஈடு. பொருள் போய்ச் சேர்ந்த பிறகு, அதன் சீட்டில் ஊர்ப் பெயருக்குக் கீழே, அவர் சம்மதித்தால், அவர் பெயரையும் எழுதலாம்.