எழுத்தை மறுக்கும் செந்தரம்

ஒரு மொழியைப் புறந்தள்ளுதற்குப் படையும் வேண்டா; அரசாணையும் வேண்டா. பொறியொன்றின் உள்ளே, பொதுமக்கள் கண்ணில் என்றும் படாத இடத்தில் எழுதப்பெற்ற ஒருவரி வரையறையே போதும். தொலைத்தொடர்பு வலையங்களை மேலாளும் மென்பொருள்களின் செந்தரங்கள் இவ்வுண்மைக்குத் தக்க சான்றாகும்.

ஊர்விட்டு ஊர் செல்லும் ஒரு பேச்சு, பல்வேறு நிறுவனத்தார் ஆக்கிய கருவிகள் பலவற்றைக் கடந்தே செல்கின்றது. அவற்றின் பழுது, அமைவு, கணக்கு, செயல்திறம், காப்பு ஆகிய ஐந்தையும் ஓரிடத்திலிருந்தே கண்காணித்தல் வேண்டும். 1865-இல் பாரிசு நகரில் தந்தி ஒன்றியமாகத் தோன்றிய பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியமும், பன்னாட்டுச் செந்தர அமைப்பும் இவ்வைந்தையும் வகுத்துரைத்தன. கருவிகள் யாவும் ஒரே நெறியில் விடை பகரவில்லையெனின், வாங்கியவன் விற்றவனுக்கு என்றும் அடிமையே. அத்தளையை அறுப்பது செந்தரம். அதன் பயனை மறுப்பார் இலர்.

1980-களின் இறுதியில் இதற்கு இருவழிகள் தோன்றின. பன்னாட்டு அமைப்புகள் வகுத்த சி.எம்.ஐ.பி. என்னும் நெறிமுறை விரிவும் ஆழமும் உடையது, ஆனால் பெருஞ்சுமை. இணையப் பொறியாளர் 1988-இல் வெளியிட்ட எசு.என்.எம்.பி. எளியது, சிறு கருவியிலும் அடங்குவது, எவரும் விலையின்றிப் படித்தற்குரியது. அஃது அப்போதைக்கு மட்டும் உதவட்டும் என்றே இணைய மேலவையார் அவ்வாண்டிற் கருதினர். ஆயினும் இடைக்காலத்திற்கென வந்தது வேரூன்றிவிட்டது. இன்றும் உலகெங்கும் எண்ணிறந்த கருவிகள் அந்நெறியிலேயே விடையிறுக்கின்றன. முந்தி வந்து பயன்பட்டதே நிலைத்தது.

அவ்வாறு நிலைத்ததனுள்ளேதான் மொழிக்குரிய சிக்கல் ஒளிந்துள்ளது. ஒவ்வொரு கருவியும் தன் பெயர், தான் இருக்கும் இடம், தனக்குப் பொறுப்பானவர் பெயர் ஆகியவற்றைச் சொல்லுதற்கு இடம் வகுத்தது 1991-ஆம் ஆண்டு வரையறை. ஆனால் அம்மூன்றும் ஆசுக்கி என்னும் ஆங்கில எழுத்துத் தொகுதியால் மட்டுமே, 255 குறிகளுக்குள் எழுதப்பெறல் வேண்டும் என்றும் அது கட்டளையிட்டது. திருநெல்வேலியில் நிறுவப்பெற்ற கருவி, தான் திருநெல்வேலியில் இருப்பதைத் தமிழெழுத்தாற் சொல்லுதற்கு அச்செந்தரத்தில் இடமில்லை. தமிழுக்கு மட்டுமன்று, சீனத்திற்கும் அரபிக்கும் உருசியத்திற்கும் இதே நிலை. செருமானியரின் புள்ளியிட்ட உயிரெழுத்துக்கும் அங்கே இடமில்லை.

பொறியாளர் ஆங்கிலம் அறிந்தவர்தாமே, இதனால் வரும் இழப்பென்ன என்று வினவுவாருளர். ஆங்கில எழுத்தில் லகர ளகரங்கள் ஒன்றாகும். ரகர றகரங்கள் ஒன்றாகும். ந, ன, ண மூன்றும் ஒன்றாகும். கரையும் கறையும் வேற்றுமையற்றுப்போம். நள்ளிரவிற் பழுதுபார்க்கச் செல்லும் தொழிலாளிக்கு ஊர்ப்பெயர் மயங்குதல் சிறு இழப்பன்று. அதனினும் பெரிது, தன் நாட்டுக் கருவியின் பெயரைத் தன் எழுத்தால் எழுதவியலாது என்பதை இயல்பெனக் கொள்ளும் மனப்பான்மை.

இணையப் பொறியாளர் இக்குறையை உணராமலில்லை. எல்லா மொழி எழுத்தையும் ஏற்கும் ஒருங்குகுறி வடிவத்தை இணைய நெறிமுறைகள் கையாளவல்லனவாதல் வேண்டும் என 1998-இல் அவர்கள் கொள்கை வகுத்தனர். ஆயினும் 2002-இல் எசு.என்.எம்.பி. செந்தரம் புதுப்பிக்கப்பெற்றபோதும் அம்மூன்று இடங்களும் பழையபடியே விடப்பெற்றன. ஒருமுறை வெளியிட்ட கூற்றின் வடிவத்தைப் பின்னர் மாற்றலாகாது என்பது அச்செந்தரத்தின் அடிப்படை நெறி. பழைய கருவியும் புதிய மென்பொருளும் ஒத்தியங்குதற்கு அந்நெறி வேண்டுவதே. எனவே குற்றம் பகைமையினால் வந்ததன்று. வரையறை எழுதப்பெற்ற நாளில், தம் எழுத்துக்கு இடங்கேட்டு வென்றார் எவருமில்லாமையால் வந்தது.

அதன்பின் தோன்றிய நெட்கான்பு நெறிமுறையின் 2011-ஆம் ஆண்டுப் பதிப்பு, செய்திகள் யாவும் ஒருங்குகுறி வடிவிலேயே அமைதல் வேண்டும் என்கின்றது. கருவியின் இடத்தையும் பொறுப்பாளர் பெயரையும் அதன்வழித் தமிழில் எழுதலாம். எனினும் அவற்றைப் பழைய எசு.என்.எம்.பி. இடங்களோடு பொருத்துவோர், எழுத்து வேறுபாட்டைக் கையாள வழிதேடல் வேண்டும் என்று 2014-ஆம் ஆண்டுச் செந்தரம் தனியே குறித்துள்ளது. 1991-இல் விழுந்த முடிச்சு 23 ஆண்டுகளுக்குப் பின்னும் அவிழவில்லை.

இதனின்று தமிழர் கொள்ளத்தக்க பாடம் ஒன்றுண்டு. மொழியுரிமையை மேடையில் முழங்கினால் மட்டும் போதாது. செந்தரம் எழுதப்பெறும் அவையிலும் நிலைநாட்டல் வேண்டும். இணையப் பொறியாளர் பணிக்குழுவின் அஞ்சற் கலந்துரையாடலிற் கலந்துகொள்ளக் கட்டணமில்லை. வரைவுகள் அனைவர்க்கும் திறந்துள்ளன. இத்துறையிற் பணிபுரியும் தமிழ்ப் பொறியாளர் பலர். வரைவு எழுதப்பெறும்போதே அவர்கள் படித்து, தமிழெழுத்துக்கு இடமுண்டா என வினவுதல் வேண்டும். பொதுப்பணத்தில் வலையக் கருவி வாங்கும் தமிழ்நாட்டரசும் தமிழெழுத்தை ஏற்றலை வாங்குதற் கட்டளையிற் சேர்த்தல் வேண்டும். வரைவில் ஒருவரியாற் பெறக்கூடியதை, வரையறையானபின் ஒரு தலைமுறை போராடியும் பெறல் அரிது.