பழைய துணி கொண்டுவரக் கூடாதாம்

குவில்ட் தைக்கக் கற்றுத்தரும் வகுப்புகள் நம் ஊர்களிலும் வந்துவிட்டன. முதல் நாள் வருகிறவர்கள் பையில் என்னென்ன எடுத்துவர வேண்டும் என்று முன்கூட்டியே ஒரு பட்டியலும் தருகிறார்கள். என் முன்னாள் மாணவி ஒருத்தி சேர்ந்திருக்கும் வகுப்பின் பட்டியல் இது: ரோட்டரி கட்டர், அதற்கு அடியில் விரிக்கும் கட்டிங் மேட், அக்ரிலிக் அளவுகோல், கால் அங்குலத் தையலுக்கென்றே மெஷினில் மாட்டும் தனிக் கால், நிறம் பார்த்துச் சேர்த்துக் கடையிலேயே வெட்டிக் கட்டி விற்கும் பருத்தித் துண்டுகள், பஞ்சு விரிப்பு. கடைசி வரிக்கு மட்டும் அடிக்கோடு. பழைய துணி கொண்டுவர வேண்டாம்.

வகுப்புக் கட்டணத்தைவிடப் பட்டியலின் விலை அதிகம். அதைக்கூட விட்டுவிடலாம். எனக்குச் சண்டை அந்தக் கடைசி வரியோடுதான்.

குவில்ட் என்பது மூன்றடுக்குத் துணி. மேலே துண்டுகளை இணைத்த முகம், நடுவே பஞ்சோ கம்பளியோ கந்தலோ, கீழே ஒரு அடித்துணி. மூன்றையும் சேர்த்துப் பிடிப்பது ஓட்டுத்தையல். செல்வர் வீடுகளில் புதுத்துணியிலும் தைத்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் இந்தத் துணைக்கண்டத்தில் இந்தத் தொழில் பழந்துணியில்தான் வளர்ந்தது. வங்காளத்துப் பெண்கள் நைந்த சேலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, சேலைக் கரையிலிருந்து உருவிய வண்ண நூலாலேயே காந்தா தைத்தார்கள். கர்நாடகத்தின் வட கன்னட மாவட்டத்தில் வாழும் சித்தி சமூகத்துப் பெண்கள், ஆப்பிரிக்க வம்சாவளியினர், கவந்தி என்று ஒரு போர்வை தைக்கிறார்கள். ஓரத்தில் தொடங்கி, துண்டுகளின் விளிம்பை விரலாலேயே மடித்து மடித்து, சுற்றிச் சுற்றி நடுவுக்கு வந்து முடிப்பார்கள். மேட் கிடையாது, அளவுகோல் கிடையாது. மராட்டியத்தில் இதன் உறவுக்காரிக்குக் கோதடி என்று பெயர்.

காந்தாவும் நம் 'கந்தை'யும் ஒரே சொல்தான். 'கந்தா' என்ற வடசொல் வங்கத்தில் காந்தாவாகிக் கண்ணாடிப் பெட்டிக்குள் போயிற்று, நம்மிடம் கந்தையாகி வசவாயிற்று. கந்தையானாலும் கசக்கிக் கட்டச் சொல்லும் பழமொழியைப் பள்ளிச் சுவரில் எழுதி வைத்திருப்பார்கள். கசக்குவது யார் வேலை என்று அதில் இருக்காது.

பழைய துணி ஏன் வேண்டாம் என்று அந்த மாணவி கேட்டாளாம். நைந்திருக்கும், சாயம் ஒட்டும், சீராக வெட்ட வராது என்று பதில் வந்திருக்கிறது. மூன்றையும் ஒவ்வொன்றாகப் பார்த்துவிடுவோம். புதுத்துணி சாயம் விடாதா? புதுச் சுங்குடியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படிச் சத்தியம் செய்யும் கடைக்காரரை நான் இன்னும் பார்க்கவில்லை. புதுத்துணியை வெட்டும் முன் நனைத்து உலர்த்தியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் தைத்து முடித்த பிறகு சுருங்கி முகம் கோணும். இருபது வருடம் துவைத்த சேலை சுருங்க வேண்டிய அளவுக்குச் சுருங்கிவிட்டது, போக வேண்டிய சாயம் போய்விட்டது. சந்தேகமிருந்தால் வெந்நீரில் நனைத்து வெள்ளைத் துணியால் ஒற்றிப் பாருங்கள். நைவு உண்மையான சிக்கல்தான். ஆனால் சேலை எல்லா இடத்திலும் ஒரேமாதிரி நைவதில்லை. உட்காருகிற இடமும் குதிகால் உரசும் கீழ்க்கரையும் முதலில் போகும். இடுப்பில் முதலில் செருகும் உள்முனையை எடுத்து விரித்தால் பெரும்பாலும் திடமாகவே இருக்கும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, இரண்டு கட்டைவிரலாலும் இழுத்துப் பாருங்கள். தாங்கினால் முகத்துக்கு, தாங்காவிட்டால் நடு அடுக்குக்கு. நைட்டித் துணியும் உள்பாவாடைப் பாப்ளினும் அடித்துணிக்கு வாகானவை. சீராக வெட்டுவதற்குக் கத்தரிக்கோலும் இஞ்ச் டேப்பும் ஒரு சாக் துண்டும் போதும். ரோட்டரி கட்டர் ஜப்பானில் ஓல்ஃபா நிறுவனம் 1979இல் சந்தைக்குக் கொண்டுவந்த பொருள். அதற்கு முன் உலகத்தில் தைத்த அத்தனை குவில்ட்டும் அது இல்லாமல்தான் தைக்கப்பட்டன. இருந்தால் மணிக்கட்டு வலி குறையும், வாங்க முடிந்தவர்கள் வாங்கட்டும். நுழைவுச் சீட்டாக அதைக் கேட்காதீர்கள் என்கிறேன்.

ஆகவே காரணம் தொழில்நுட்பம் அல்ல. வேறொன்று. நம் வீடுகளில் சேலை கிழிந்த பிறகு எங்கே போகும்? ஒரு பாதி தூளியாகும். மெத்தென்று இருக்கும் பகுதியைக் கிழித்து மாதவிலக்குக்கு வைத்துக்கொள்வார்கள், உலர்த்தும்போது யார் கண்ணிலும் படாமல் இன்னொரு துணிக்கு அடியில் போடுவார்கள். மிச்சம் அடுப்படியில் கரித்துணி, அதன் பிறகு வாசலில் மிதியடி. பழந்துணி என்றால் ரத்தமும் பிள்ளை மூத்திரமும் பாத்திரக் கரியும். அதை வீட்டில் விட்டுவிட்டு வா என்கிறது பட்டியல். கண்ணுக்குக் குளிர்ச்சியான, யார் உடம்பிலும் படாத துணியோடு வா என்கிறது. இந்தக் கைவேலையைக் கண்டுபிடித்த பெண்களின் உடம்பைக் கழித்துவிட்டுக் கைவேலையை மட்டும் விற்கிறார்கள்.

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், மூன்று பக்கமும் ஆறு வளைத்துக்கொண்ட ஜீஸ் பெண்ட் என்ற ஊர் இருக்கிறது. பருத்தித் தோட்டத்து அடிமைகளின் வழிவந்த கறுப்பினப் பெண்கள் அங்கே குவில்ட் தைக்கிறார்கள். மிசூரி பெட்வே என்பவர் 1942இல், இறந்துபோன கணவரின் வயல் உடைகளைப் பிரித்து ஒரு குவில்ட் தைத்தார். வெளுத்த முழங்காலும் பை இருந்த இடத்தின் கருமையும் அதில் அப்படியே தெரியும். அந்த ஊர் மக்கள் வாக்காளராகப் பதியப் போகத் தொடங்கிய காலத்தில், 1962இல், ஆற்றைக் கடக்கும் படகை நிறுத்தினார்கள். அது மறுபடி ஓடியது 2006இல். இடையில் 1966இல் அந்த வட்டாரப் பெண்கள் ஃப்ரீடம் குவில்டிங் பீ என்ற கூட்டுறவை அமைத்துத் தையலைக் கூலியாக்கினார்கள். 2002இல் ஹூஸ்டன் அருங்காட்சியகத்தில் இவர்களின் குவில்ட்டுகள் தொங்கியபோது விமர்சகர்கள் நவீன ஓவியத்தோடு ஒப்பிட்டு எழுதினார்கள், 2006இல் அஞ்சல்தலையும் வந்தது. என் மேசையில் இருக்கும் பட்டியலின்படி மிசூரி பெட்வேயை முதல் வகுப்பின் வாசலிலேயே திருப்பி அனுப்பியிருப்பார்கள்.

இங்கே நின்று ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பழந்துணியைப் பற்றி உருகி எழுதுவது எளிது, அதுவும் பீரோவில் அம்மாவின் காட்டன் சேலைகள் அடுக்கி வைத்திருக்கிற என்னைப் போன்றவர்களுக்கு. வேலையாளுக்கு எச்சில் உணவும் கிழிந்த உடையும் கொடு என்று மனு தன் பத்தாம் அத்தியாயத்தில் எழுதி வைத்தான். பழம்புடவை கூலியின் ஒரு பகுதியாக இருந்த தெருக்கள் நம் ஊர்களில் உண்டு. அடுத்த வீட்டுக்காரி உடுத்திக் கழித்ததை மட்டுமே உடுத்த வேண்டியிருந்த ஒருத்தியின் மகள், எனக்குப் புதுத்துணிதான் வேண்டும் என்றால் அவள் பக்கம்தான் நியாயம். அவள் புதுத்துணியிலேயே தைக்கட்டும். அதேபோல, வயலுக்கும் சித்தாள் வேலைக்கும் போகிற பெண் பாலியெஸ்டர் சேலைதான் கட்டுகிறாள். சீக்கிரம் உலரும், விலை குறைவு, வருடக்கணக்கில் வரும். அவளுடைய பையிலிருந்து காட்டன் வராது. பாலியெஸ்டர் வழுக்கும், இஸ்திரிச் சூட்டில் உருகும். குண்டூசி கூடுதலாகக் குத்தி, சூட்டைக் குறைத்து, அடியில் பருத்தியைக் கொடுத்துத் தைத்தால் நிற்கும். அதைச் சொல்லிக்கொடுக்கத்தானே ஆசிரியர்? பருத்தி மட்டும் என்று எழுதுவது அவளை வரவேண்டாம் என்று எழுதுவதுதான்.

என் வயதுப் பெண்ணியத் தோழிகள் வேறொரு பக்கத்திலிருந்து கேட்பார்கள். தையல் பீரியடிலிருந்து தப்பித்து வந்தோமே, மறுபடியும் ஊசியா? நியாயமான கோபம். தமிழில் தையல் என்றாலே பெண் என்று இன்னொரு பொருள் இருக்கிறது. அந்தத் தையலின் சொல்லைக் கேட்காதே என்று ஆத்திசூடியில் சின்ன வயதிலேயே மனப்பாடம் செய்தோம். நன்னூல் இலக்கியம் படைப்பதை விளக்க நூல் நூற்கும் பெண்ணைத்தான் உவமையாகத் தேடிப் போகிறது: சொல் பஞ்சு, புலவன் நூற்கிறவள், வாய் அவள் கை, அறிவு கதிர். வகுப்பில் ஒவ்வொரு வருடமும் இதை நடத்துகிறேன். புலவன் ஒரு செய்யுள் நேரத்துக்குப் பெண்ணாகிவிட்டுத் திரும்பிப் போய்விடுகிறான், நூற்றவள் புலவராவதே இல்லை. கட்டாயமாகத் திணித்த ஊசியை எறிந்தது சரிதான். ஆனால் ஊசியை எறிந்த வேகத்தில், அதைப் பிடித்திருந்தவர்கள் செய்தது கலை என்று சொல்லும் உரிமையையும் சேர்த்து எறிந்துவிட்டோம். அதை இப்போது கடைக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

எறிந்ததை வேறு ஊர்ப் பெண்கள் எப்படித் திரும்ப எடுத்தார்கள் என்று பாருங்கள். 1971இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகம் அமெரிக்கக் குவில்ட்டுகளை ஓவியம்போலச் சுவரில் மாட்டியது. வடிவத்தைப் பாராட்டியது, தைத்தவர்களைப் பற்றி அதிகம் பேசவில்லை. 1973இல் பெட்ரீசியா மைனார்டி என்ற ஓவியர், குவில்ட்தான் அமெரிக்காவின் மாபெரும் கலை, அது பெண்களின் கலை என்று வாதிட்டு ஒரு கட்டுரை எழுதினார். பெண்கள் தங்கள் பெயரையும் ஆண்டையும் குவில்ட்டில் தைத்தே வைத்திருந்தார்கள் என்று எடுத்துக்காட்டினார். பெயர் எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு ஹாரியட் பவர்ஸ் போதும். ஜார்ஜியாவில் அடிமையாகப் பிறந்தவர், விவிலியக் கதைகளைத் துணியில் வெட்டி ஒட்டித் தைத்தவர். வறுமையில் பத்து டாலர் கேட்டு ஐந்து டாலருக்குத் தன் குவில்ட்டை விற்றார். விற்ற பிறகும் அதைப் பார்ப்பதற்காகவே வாங்கியவர் வீட்டுக்குப் போய்வந்தார். இன்று அது ஸ்மித்சோனியனில் இருக்கிறது. வாங்கிய பெண்மணி விவரங்களை எழுதி வைத்ததால்தான் தைத்தவர் பெயர் நமக்குக் கிடைத்தது.

எனவே என் பட்டியல். குட்டையான குவில்டிங் ஊசி, ஒன்பதாம் எண்ணோ பத்தோ, இரண்டு மூன்று. பருத்தி நூல்கண்டு. துணிக்கென்றே வைத்திருக்கும் கத்தரிக்கோல், அதில் காகிதம் வெட்டக் கூடாது என்று வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள். குண்டூசி, ஊக்கு, இஞ்ச் டேப், சாக். நடுவிரலுக்கு ஒரு அங்குஸ்தான், தையல்காரர்களுக்குச் சாமான் விற்கும் கடையில் கேட்டால் கிடைக்கும், மூன்றடுக்கில் ஊசியைத் தள்ளும்போது அதன் அருமை தெரியும். கண்ணாடி போடுகிறவர்கள் படிக்கிற கண்ணாடியை மறக்க வேண்டாம். பிறகு துணி: துவைத்த, உலர்ந்த, யாருடையது என்று உங்களால் பெயர் சொல்ல முடிகிற துணி. அம்மாவுடையதோ, பாட்டியின் கண்டாங்கியோ, ஹாஸ்டலில் உங்களோடு இருந்தவள் விட்டுப்போன துப்பட்டாவோ. புதிது என்றாலும் சரி, உங்கள் முதல் சம்பளத்தில் வாங்கியது என்றால் அதற்கும் ஒரு பெயர் இருக்கிறது. வேறொருத்தியின் துணி என்றால் அவளைக் கேட்டுவிட்டு எடுங்கள். வெட்டிய பிறகு கேட்பதில் பயனில்லை.

சமையலை முடித்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும் என்றால் முதல் வகுப்புக்குத் தாமதமாகத்தான் போவீர்கள். முடிக்காமல் கிளம்புங்கள்.

ஒரு முழம் வெள்ளைத் துணியும் வையுங்கள். போர்வை முடிந்ததும் பின்பக்க மூலையில் தைக்கும் பட்டைக்கு அது. தைத்தவள் பெயர், ஊர், ஆண்டு, எந்தத் துண்டு யாருடையது. பேனா மை சில சலவையில் போய்விடும், ஊசியால் எழுதுங்கள். இனிஷியலாக யார் பெயரின் எழுத்தைப் போடுவது என்பதை ஊசியில் நூல் கோக்கும் முன் முடிவு செய்துகொள்ளுங்கள். அம்மா பெயரின் எழுத்தைப் போட இப்போது அரசாங்கமே அனுமதிக்கிறது, போர்வைக்கு யார் அனுமதியும் தேவையில்லை.