முள்ளங்கிப் பாத்தியும் கற்றோர் கையும்

கற்றோர் சிலர் கூடி வீட்டுத் தோட்டத்தைப் பற்றிப் பேசுமிடத்து, "முள்ளங்கி நம் வீட்டு மண்ணில் வாராது, இலைதான் மண்டும், கிழங்கு இறங்காது" என்னும் குறை தவறாது எழுகின்றது. மண்ணையும் விதையையும் பழித்தல் முறையன்று. குறை பெரும்பாலும் நம் கையினதே என்பது எம் கருத்து. இது பிறர் வாய்க் கேட்டதன்று. எம் வீட்டுப் புறக்கடையிற் பட்டறிந்தது.

முதன்முறை விதைத்த நான்காம் நாளிற் பாத்தி முழுதும் பசுமை படர்ந்தது கண்டு மகிழ்ந்தோம். நெருங்கி நின்ற நாற்றுக்களைப் பறித்துக் கலைக்க மனம் ஒருப்படவில்லை. முளைத்ததைக் கிள்ளுதல் கொடுமையென்றெண்ணி அனைத்தையும் விட்டுவைத்தோம். நாற்பது நாள் கழித்து அகழ்ந்தபோது கிடைத்தவை எலிவால் போன்ற வேர்களே. சிலவற்றின்மேல் வைத்த இரக்கத்தால் எல்லாவற்றையும் கெடுத்தோம்.

முள்ளங்கிக் கிழங்கென்பது இலை ஆக்கிய உணவைச் சேர்த்துவைக்கும் களஞ்சியமாகும். நெருக்கத்தில் நிற்கும் செடி, வெயிலுக்குப் போட்டியிட்டு மேலே வளருமேயன்றிக் கீழே பருக்க இடமின்றித் தவிக்கும். ஆகவே, இரண்டு மூன்று இலை விட்டவுடன், நான்கு அங்குலத்திற்கு ஒன்றாக நிறுத்தி ஏனையவற்றைக் கலைத்தல் வேண்டும். பறித்தவையும் வீணல்ல; இளங்கீரையாகப் பொரியலுக்கு உதவும்.

பிற செய்கைகள் எளியன. மண்ணை ஓரடி ஆழம் கொத்திக் கல்லை அகற்றுக. கல் தடுத்தால் வேர் கவைபடும். மக்காத சாணமும் அக்கேட்டையே விளைக்கும். நன்கு மக்கிய தொழு உரமே தக்கது. நாற்றுவிட்டு நடுதல் ஆகாது. ஆணிவேர் ஊறுபடுமாதலின், நிலைத்த இடத்திலேயே அரை அங்குல ஆழத்தில் விதைத்தல் நலம். வரிசைக்கு வரிசை ஓரடி விடுக. காயவிட்டுப் பின் வெள்ளமாய்ப் பாய்ச்சினால் கிழங்கு வெடிக்கும். பூவாளியால் அளவாக நாடோறும் ஈரம் காத்தல் வேண்டும். நம் சமவெளிக்குப் புரட்டாசி முதல் மார்கழி வரை ஏற்ற காலம். ஐப்பசி மழையில் நீர் தேங்காதபடி மேட்டுப்பாத்தி அமைத்தல் நன்று. வெப்பத்தைத் தாங்க, தில்லி இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தார் அளித்த பூசா சேத்கி என்னும் வகை உளது. அது 40 முதல் 45 நாளில் அறுவடைக்கு வரும். முதிரவிட்டால் நெட்டி போலாகிவிடும். இங்கும் காலந்தாழ்த்தும் கையே குற்றவாளி.

"சந்தையிற் சிறு விலைக்குக் கிடைப்பதற்கு இத்துணை உழைப்போ?" என வினவுவாருளர். சந்தைக் கிழங்கின் இலை, வீடு வந்து சேருமுன் வாடிவிடுகின்றது. பறித்த நாழிகையே இலையும் கிழங்கும் ஒருங்கே உண்ணும் பேறு தோட்டமுடையார்க்கே உரியது. அன்றியும், மாங்கன்றை நட்டவன் தன் பிழையை அறியப் பல்லாண்டு காத்திருத்தல் வேண்டும். முள்ளங்கியோ ஒன்றரைத் திங்களில் நம் பிழையைக் காட்டி, திருத்திக்கொள்ள அப்பருவத்திலேயே மறுவாய்ப்பும் தருகின்றது. தேர்வுத்தாளில் 'ராபனஸ் சட்டைவஸ்' என்று பிழையற எழுதும் மாணவர், அதன் நாற்றைக் கண்டால் கடுகு நாற்றினின்றும் பிரித்தறிய மாட்டாராயின், அக்கல்வி பாதிக் கல்வியேயாம்.

ஆதலின் விடுதியில் உறையும் மாணவரும், இல்லம் அமைத்து வாழும் பழைய மாணவரும், கிணற்றடியிலோ குழாயடியிலோ வெயில் படும் ஒரு சாண் நிலமேனும் இருப்பின், இப்புரட்டாசியில் ஒரு பாத்தி இடுவாராக. மண் படிந்த கை நாணத்தக்கதன்று.

எம் இரண்டாம் பாத்தியில் நாற்றுக்களைக் கலைத்தபோதும் மனம் சிறிது நொந்ததுண்டு. ஆயினும் அன்று மாலையே அவை கீரையாயின. நின்றவை ஒரு சாண் நீளக் கிழங்காயின.