கைலாயத்துக்கு லேகியம் கேட்காதீர்கள்!

போன மாதம் தொப்பூரில் என் வைத்தியசாலைக்குக் கணவன் மனைவி இருவர் வந்தார்கள். அவருக்கு வயது 58, பத்து வருஷமாகச் சர்க்கரை. "டாக்டரய்யா, மானசரோவர் போறோம். மலையில மூச்சு வாங்காம இருக்க ஒரு லேகியம் குடுங்க" என்றார். முகர்ந்து பார்க்கக் கையோடு கற்பூரப் பொட்டலம் வேறு!

"அப்படி ஒரு லேகியம் என்கிட்ட இல்லீங்க" என்றேன். அம்மாவுக்கு முகம் சுண்டிவிட்டது.

ஒரு காலத்தில் நானும் கொடுத்தவன்தான். 2018-ல் என்னிடம் லேகியம் வாங்கிப் போனவர், தார்ச்சனில் தலைவலி வந்தபோது 'வைத்தியர் மருந்து இருக்கே' என்று வழிகாட்டியிடம் சொல்லாமல் மேலே ஏறிவிட்டார். அன்று ராத்திரி கால் தள்ளாடி, பேச்சு குழறி, அவசரமாகக் கீழே இறக்கினார்கள். பிழைத்துக்கொண்டார். இன்றுவரை என்னை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. அதுதான் உறுத்துகிறது.

ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். மானசரோவர் ஏரியோ ஏறக்குறைய 4,590 மீட்டர். கைலாயப் பரிக்கிரமா மூன்று நாள் நடை, சுமார் 52 கிலோமீட்டர். வழியில் டேராபுக், ஜூதுல்புக் விடுதிகளில் இரவுத் தங்கல். நடுவில் டோல்மா கணவாய் 5,600 மீட்டருக்கும் மேல். அங்கே ஒரு மூச்சில் கிடைக்கும் பிராணவாயு நம்மூரில் கிடைப்பதில் பாதிதான். கற்பூரம் மூக்கில் குளுகுளுவென்று இருக்கும்; ரத்தத்தில் பிராணவாயுவைத் துளியும் கூட்டாது. விழுங்கினால் வலிப்பே வரும், ஜாக்கிரதை.

மூன்று மாதம் முன்பே நடக்கப் பழகுங்கள். தீர்த்தமலைப் படிகள் நல்ல பயிற்சி. (எங்க கணவாய் ரோட்டில் வேண்டாம், லாரிகள் பிரேக் பிடிக்காமல் வருகிற இடம்!) ஆனால் பலமான காலும் உயரத்துக்குக் காப்பு ஆகாது, இளவட்டங்களும் விழுகிறார்கள். உடம்புக்கு நாள் கொடுக்க வேண்டும். 3,000 மீட்டர் தாண்டினால், தூங்கும் இடம் ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் உயரக் கூடாது. மூன்று நாலு நாளுக்கு ஒருமுறை ஓய்வு. 'ஹெலிகாப்டரில் ஏற்றி, சீக்கிரமே முடித்துத் தருகிறோம்' என்கிற டூர்க்காரர்களிடம் பணம் கட்டாதீர்கள்.

2025-ல் மறுபடி தொடங்கிய அரசு யாத்திரையில் 18 முதல் 70 வயது வரை, உடல் எடைக் குறியீடு 25-க்குள் என்று கட்டுப்பாடு. டெல்லியில் வைத்தியப் பரிசோதனையும் உண்டு. கெடுபிடி என்று முணுமுணுக்கிறார்கள். நான் அதை ஆதரிக்கிறேன். பாரத்தில் ரத்த அழுத்தத்தை மறைத்து எழுதுகிறவர்கள் எத்தனை பேர்!

தலைவலி, குமட்டல் வந்தால் அதற்குமேல் ஏறாதீர்கள். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சிரைப்பு, தள்ளாட்டம் என்றால் ராத்திரியானாலும் இறங்குங்கள். தூக்க மாத்திரை, மது கூடவே கூடாது. அசிட்டசோலமைட் மாத்திரை சிலருக்கு உதவும். அதை அலோபதி டாக்டர்தான் எழுத வேண்டும், சல்பா ஒவ்வாமை இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். இன்சுலின் உறையாமல் சட்டைக்குள் வைத்திருங்கள்.

அந்த அய்யாவுக்குச் சுக்கு மல்லிப் பொடி மட்டும் கொடுத்தேன், குளிருக்கு இதமாக. போகலாமா என்பதைச் சேலத்து இதய டாக்டர் சொல்லட்டும் என்று சீட்டும் எழுதினேன். கற்பூரத்தை அம்மா வீட்டுப் பூஜைக்கு எடுத்துப் போனார்.