செய்தி நேரத்தைத் தின்னும் துணுக்குகள்

2001 ஜூன் 30 அதிகாலையில் மு.கருணாநிதி கைது செய்யப்பட்டார். முதிய தலைவரைக் காவலர்கள் இழுத்துச் செல்லும் காட்சி திமுக சார்பு சன் டிவியில் நாள் முழுவதும் ஓடியது. அதிமுக சார்பு ஜெயா டிவியோ, திமுகவின் மத்திய அமைச்சர்கள் காவலர்களைத் தாக்கியதாகக் காட்டியது. நிகழ்வு ஒன்று, செய்தி இரண்டு. இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்து, உண்மை நடுவில் எங்கோ இருக்கும் என்று முடிவுகட்டும் பழக்கம் தமிழ்நாட்டுப் பார்வையாளர்களிடம் ஊறிப்போனது.

‘அது அவங்க சேனல்’ என்று தேநீர்க் கடையில் இன்றும் சொல்கிறார்கள். கட்சிச் சார்பு கண்ணுக்குத் தெரிகிறது. அதனால் கழித்துப் பார்க்கவும் முடிகிறது. ஆனால், இரண்டு தரப்புமே பேசாமல் விடும் செய்தியை எதைக் கொண்டு ஈடுகட்டுவது?

கட்சி பிளந்தால் சேனல் பிறக்கும்

சன் டிவி 1993-லும் ஜெயா டிவி 1999-லும் தொடங்கின. 2007-ல் கருணாநிதி குடும்பத்துக்கும் சன் டிவியை நடத்தும் மாறன் குடும்பத்துக்கும் இடையே விரிசல் விழுந்த சில மாதங்களில் கலைஞர் தொலைக்காட்சி வந்தது. அதிமுக பிளவுக்குப் பின் ஜெயா டிவி சசிகலா குடும்பத்தின் வசம் இருக்க, 2018-ல் அதிமுகவுக்காக நியூஸ் ஜெ உதயமானது. பாமகவுக்கு மக்கள் தொலைக்காட்சி, தேமுதிகவுக்கு கேப்டன் டிவி என்று பட்டியல் நீள்கிறது.

சேனலை வீட்டுக்குக் கொண்டுவரும் கம்பியிலும் அரசியல் உண்டு. 2011-ல் மாதம் 70 ரூபாய்க்கு அரசு கேபிள் வந்தபோது, சன் குழுமச் சேனல்கள் அதில் இடம்பெறவில்லை. கட்சி சாராத சேனல்களும் அரசு விளம்பரத்தையும் கேபிளில் தங்களுக்குக் கிடைக்கும் வரிசை எண்ணையும் மனதில் வைத்தே தலைப்புச் செய்தியை எழுத வேண்டியிருக்கிறது.

வெற்றிடத்தை நிரப்புவது எது?

ஆற்று மணல் கொள்ளை எந்த ஆட்சியிலும் நின்றுவிடவில்லை. மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதைத் தடைசெய்யும் சட்டம் 2013-ல் வந்த பிறகும், கழிவுநீர்த் தொட்டிகளில் தொழிலாளர்கள் இறந்துகொண்டே இருக்கிறார்கள். இவற்றுக்கெல்லாம் பதில் சொல்ல வேண்டியவர்கள் இரு பக்கமும் இருப்பதால், ஒரு நாள் சொல்லிவிட்டு இரு பக்கச் சேனல்களும் நகர்ந்துவிடுகின்றன.

24 மணி நேரச் சேனலோ ஒரு நிமிடம்கூடச் சும்மா இருக்க முடியாது. வீட்டுக்குள் புகுந்த பாம்பு, சிசிடிவியில் பதிவான விபத்து, நடிகையின் திருமணப் புடவை என்று துணுக்குகள் வந்து குவிகின்றன. மணல் குவாரியைப் பற்றிச் செய்தி சேகரிக்கப் பல நாட்கள் அலைய வேண்டும், ஆவணம் வேண்டும், மிரட்டல் வந்தால் உடன் நிற்கும் நிர்வாகம் வேண்டும். சிசிடிவி காட்சி வாட்ஸ்அப்பில் இலவசமாக வந்துவிடுகிறது. சொற்பத் தொகைக்கு ஓடும் பகுதிநேரச் செய்தியாளர் இரண்டில் எதை அனுப்புவார்?

பார்வையாளர் அளவைக் காட்டும் டிஆர்பி புள்ளியும் அதே திசையில்தான் தள்ளுகிறது. 2020-ல் நாடு முழுவதற்கும் சுமார் 44 ஆயிரம் வீடுகளில் இருந்த கருவிகளே அந்தப் புள்ளிகளைத் தீர்மானித்தன. அந்த ஆண்டு முறைகேட்டுப் புகார் வெடித்ததும் செய்திச் சேனல்களுக்கான புள்ளி வெளியீடு நிறுத்தப்பட்டது. 2022 மார்ச்சில்தான் மீண்டும் தொடங்கியது. புள்ளியைக் கூட்டும் பாம்பு எந்த விளம்பரதாரரையும் கோபப்படுத்தாது. எந்த அமைச்சரும் தொலைபேசியை எடுக்க மாட்டார்.

உழைத்துக் களைத்து வருபவர் சிரிக்க ஒரு காட்சி வேண்டும் என்பதில் தவறில்லை. ஆனால், சொல்லப்படாத செய்தியின் இடத்தில் அது உட்காரும்போது இருட்டடிப்புக்குத் திரையாகிவிடுகிறது. திரை கண்ணுக்கு இதமாக இருப்பதால் மறைக்கப்பட்டது என்னவென்று நாம் கேட்பதில்லை. கட்சிச் சேனலின் கூச்சலைவிட இதையே நான் பெரிய கேடாகக் கருதுகிறேன்.

என்ன செய்யலாம்?

அலைவரிசை பொதுச் சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. அரசியல் கட்சிகள், அரசு அமைப்புகள், அவற்றின் பினாமிகள் ஒளிபரப்பிலும் விநியோகத்திலும் இருக்கக் கூடாது என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2014-ல் பரிந்துரைத்தது. மத்தியில் ஆண்டவர்கள் அதைச் சட்டமாக்கவில்லை. மாநிலக் கட்சிகள் வற்புறுத்தவும் இல்லை. அந்தப் பரிந்துரை சட்டமாக வேண்டும். எந்தச் சேனலுக்கு எவ்வளவு அரசு விளம்பரம் என்பதை மாநில அரசு ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். சேனல் நிர்வாகங்கள் மாவட்டச் செய்தியாளருக்கு முறையான ஊதியமும் வழக்கு வந்தால் சட்டத் துணையும் தர வேண்டும்.

2001-ல் ஒப்பிட்டுப் பார்க்க இரண்டு காட்சிகளாவது இருந்தன. கழிவுநீர்த் தொட்டியில் கணவனை இழந்த பெண்ணின் வீட்டுக்கு, இழப்பீடு வந்ததா, வழக்கு என்ன ஆயிற்று என்று கேட்க ஓராண்டு கழித்து மைக்குடன் செல்பவர்கள் அரிது. அந்தக் கேள்விக்கு இரவு எட்டு மணிச் செய்தியில் மூன்று நிமிடம் ஒதுக்கும் சேனல் எந்தக் கட்சியுடையதாக இருந்தாலும், நான் அதைப் பார்ப்பேன்.